புரியாததை எழுதிக் கேளுங்கள்: மென்பொருள் பயிற்சியில் இருப்பவர்களுக்குப் பதில்கள்

2007-ல் சென்னையில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றைக்கு என் நேரத்தில் பாதி, புதிதாக வருகிறவர்களை நேர்காணல் செய்வதிலும் பழக்குவதிலும் போகிறது. பயிற்சியில் இருப்பவர்கள் படிக்கும் பழக்கம், வகுப்பில் கலந்துகொள்வது, ஆட்களைத் தெரிந்துகொள்வது பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே. பெயர்களை எடுத்துவிட்டேன்.

அக்கா, மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேளச்சேரியில் ஆறு மாத ஃபுல் ஸ்டாக் (முன்பக்கம், சர்வர் இரண்டும்) பயிற்சியில் இருக்கிறேன். தினமும் எட்டு மணி நேரம் வீடியோ பார்க்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தனியாக உட்கார்ந்தால் ஒரு வரி வரமாட்டேன் என்கிறது.

தம்பி, புரிவது வேறு, கைக்கு வருவது வேறு. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்து, சிலரை அதையே மறுபடி படிக்கச் சொன்னார்கள். மற்றவர்களை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அப்படியே திரும்பிவிட்டது: படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. வீடியோ முடிந்ததும் உங்களுக்கு வரும் திருப்தி அந்த ஐந்து நிமிடக் கணக்குதான்.

இருபது நிமிடம் பாருங்கள், மூடுங்கள், அதையே நீங்கள் எழுதுங்கள். எங்கே நிற்கிறதோ அதை ஒரு நோட்டில் குறியுங்கள். என் முதல் நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதில் ஒரு பக்கம்: "ஃபார்மில் இரண்டு எண் வாங்கிக் கூட்டினேன். 5, 3 கொடுத்தால் 53 வருகிறது. நான் நினைத்தது: கூட்டல் குறி தப்பு. உண்மை: ஃபார்மிலிருந்து வருவது எழுத்து. எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்ட வேண்டும்." இதில் எனக்கு உதவியது நடு வரி, அதாவது நான் என்ன நினைத்தேன் என்பது. அதை எழுதாமல் விடையை மட்டும் குறித்துவைத்தால் அதே இடத்தில் மறுபடி மாட்டுவோம்.

அக்கா, குழந்தைக்காக ஆறு வருடம் வேலையை விட்டேன். இப்போது டெஸ்டிங் படிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கிறது. இடையில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்தா?

இல்லை, தங்கச்சி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்று 2010-ல் வந்தது. புதிதாக ஒரு பழக்கத்தைத் தொடங்கிய 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். பழக்கம் தன்னால் நடக்கும் நிலைக்கு வரச் சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவாந்தரமாக 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. "21 நாளில் பழகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பி மனசு உடைந்து போகாதீர்கள்.

இன்னொன்று. "குழந்தை தூங்கியதும் படிப்பேன்" என்று வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். குழந்தை தூங்கும் நேரம் நம் கையில் இல்லை. ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பியதும் லேப்டாப் என்று வையுங்கள். பாத்திரம் காத்திருக்கட்டும். முடிக்கும்போது "நாளைக்கு இந்த டெஸ்ட் கேஸிலிருந்து" என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டு எழுந்திருங்கள். எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே பதினைந்து நிமிடம் போகாது.

அக்கா, ஆன்லைன் வகுப்பில் நூறு பேர். எல்லாரும் இங்கிலீஷில் கேட்கிறார்கள். எனக்கு அது வராது. கேமராவை ஆஃப் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்படியே முடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்தேன். நானும் தமிழ் வழியில் படித்தவள். என் முதல் பயிற்சியில் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. முதல் மாட்யூல் தேர்வில் தோற்றேன். பிறகு விசாரித்தால், எனக்குப் புரியாத அதே இடம் பக்கத்தில் இருந்த நான்கு பேருக்கும் புரிந்திருக்கவில்லை. ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வாயால் கேட்க வராவிட்டால் எழுதிக் கேளுங்கள். எழுதுவதற்கு இலக்கணம் பெரிதில்லை, விவரம்தான் பெரிது. எனக்கு வரும் செய்திகளில் பாதி, "கோடு ஒர்க் ஆகவில்லை, ஹெல்ப் பண்ணுங்க" என்ற ஒரு வரியும், மானிட்டரைச் சாய்வாக எடுத்த ஒரு போட்டோவும். இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. போன மாதம் ஒரு பெண் எழுதியிருந்ததைப் பாருங்கள் (ரியாக்ட் என்பது பக்கத்தைக் காட்டும் பகுதி, ஸ்பிரிங் பூட் பின்னால் ஓடும் சர்வர், போர்ட் என்பது ஒவ்வொன்றும் ஓடும் வாசல் எண், போஸ்ட்மேன் சர்வர் அழைப்புகளைச் சோதிக்கும் கருவி):

"ரியாக்ட் 3000 போர்ட்டில், ஸ்பிரிங் பூட் 8080-ல் ஓடுகிறது. லாகின் அழைப்பு போஸ்ட்மேனில் சரியாக வருகிறது. அதே அழைப்பு குரோமில் மட்டும் தடுக்கப்படுகிறது. யூ.ஆர்.எல். இரண்டிலும் ஒன்றுதான், ஒப்பிட்டுப் பார்த்தேன். பிரவுசர்தான் ஏதோ தடுக்கிறது என்று நினைக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை."

ஐந்து வரி, பாதி தமிழ் பாதி இங்கிலீஷ். படித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. போர்ட் மாறினால் பிரவுசருக்கு அது வேறு இடம். அந்த சர்வர் அனுமதி சொல்லாதவரை பிரவுசர் பதிலை நம் பக்கத்தின் கையில் கொடுக்காது. போஸ்ட்மேன் பிரவுசர் இல்லை, அதனால் அதற்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. இந்த அனுமதி முறைக்குப் பெயர் சி.ஓ.ஆர்.எஸ்., அதைத் தேடிப் படியுங்கள், சர்வர் பக்கம் 3000-க்கு அனுமதி கொடுங்கள் என்று இரண்டு நிமிடத்தில் பதில் போட்டேன். அதோடு அந்தப் பெண்ணின் பெயரும் என் மனதில் நின்றுவிட்டது. எங்கள் டீமில் இடம் வந்தால் முதலில் நினைவுக்கு வரப்போவது அவர்தான். படிக்கிற பழக்கம், கலந்துகொள்வது, ஆள் பழக்கம் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கிறீர்கள். எனக்கு மூன்றும் அந்த ஐந்து வரியில் தெரிந்தது.

நாளைக்கு வகுப்பின் சாட்டில் ஒரே ஒரு கேள்வி போடுங்கள். அடுத்த வாரம் யாராவது கேட்டதற்கு நீங்கள் பதில் போடுங்கள், தமிழிலேயே.

அக்கா, லிங்க்ட்இன்-இல் ஐந்நூறு பேருக்கு மேல் சேர்த்துவிட்டேன். அவர்கள் கம்பெனியில் சிபாரிசு கேட்டு "ரெஃபரல் கிடைக்குமா சார்" என்று அனுப்பினால் யாரும் பதில் போடுவதில்லை. நெட்வொர்க்கிங் எல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குத்தானா?

கோபம் நியாயமானது. சித்தப்பா மேனேஜராக இருக்கிற பிள்ளைக்கு வழி சுலபம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்தில், தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களிடம், அந்த வேலையைப் பற்றிச் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் 55.6, அரிதாகப் பார்ப்பவர் 27.8. காரணம் எளிது. நம் நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். புதுச் செய்தி அரைகுறைப் பழக்கத்தில்தான் வருகிறது.

எனக்கும் அப்படித்தான். 2008 கடைசியில் வேலைகள் சுருங்கியபோது நான்கு மாதம் ப்ராஜெக்ட் எதுவும் இல்லாமல் பெஞ்சில் இருந்தேன். தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வருவார் ஒரு அக்கா, வேறு பிரிவு. பஸ்ஸில் நான் டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் எஸ்.க்யூ.எல். கேள்விகளைப் பேப்பரில் போட்டுப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள், "எங்கள் டீமில் ரிப்போர்ட் எழுத ஆள் தேடுகிறார்கள், வந்து பாரேன்" என்றார். நான் அவரிடம் வேலை கேட்கவே இல்லை.

ரெஃபரல் கொடுப்பவர் தன் பெயரை அடகு வைக்கிறார் என்பதை மறக்காதீர்கள். முகம் தெரியாதவருக்கு யாரும் அதைச் செய்யமாட்டார்கள். ஐந்நூறு பேரை விடுங்கள், பத்துப் பேரை எடுங்கள். அவர்கள் எழுதியதைப் படித்து, செய்துபார்த்து, என்ன நடந்தது என்று சொல்லுங்கள். "நீங்கள் சொன்ன இண்டெக்ஸ் முறையை என் ப்ராஜெக்டில் போட்டேன், தேடல் வேகமானது, ஆனால் பதிவு சேர்ப்பது கொஞ்சம் மெதுவாகிவிட்டது, இது இயல்பா?" இப்படி ஒரு செய்திக்குப் பதில் எழுதாமல் என்னால் இருக்க முடியாது. இண்டெக்ஸ் என்பது டேட்டாபேஸில் வேகமாகத் தேட வைக்கும் அட்டவணை. அதைப் போட்டால் அப்படித்தான் ஆகும், இயல்புதான்.

அக்கா, நேரில் ஆட்களைச் சந்திக்க எங்கே போகலாம்? நான் திண்டிவனம் பக்கம்.

விழுப்புரத்தில் வீ-க்ளக் என்ற லினக்ஸ் (இலவச இயங்குதளம்) பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்கென்றே நன்றாக வேலை செய்கிறது. உங்களுக்குப் பக்கம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவிலும் தமிழில் தயங்காமல் பேசலாம். கணியம் தளத்தில் பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன. சென்னைக்கு வர முடிந்தால் சென்னைபை என்ற பைதான் குழு மாதத்தின் நான்காவது சனிக்கிழமை கூடும். கிளம்புவதற்கு முன் அவர்கள் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். முதல் தடவை பேச வேண்டாம், நாற்காலி எடுத்துப் போடுங்கள். அப்புறம் பேச்சு தானாக வரும்.

அக்கா, கோடைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில், வேலை செய்த நாளுக்கு விழும் பச்சைக் கட்டம் தினமும் விழவேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

நான் கட்டத்தைப் பார்ப்பதில்லை. ப்ராஜெக்ட் என்ன என்று விளக்கும் ரீட்மீ கோப்பைத்தான் திறப்பேன்.

அக்கா, சாட்ஜிபிடி கேட்டதும் கோடு தருகிறது. அதை வைத்து மூன்று ப்ராஜெக்ட் முடித்துவிட்டேன். இது தப்பா?

வேலையில் நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் நேர்காணலில் நான் என்ன செய்வேன் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ப்ராஜெக்டையே திறந்து, "இந்த லிஸ்ட்டைத் தேதி வரிசையில் காட்டுங்கள்" என்பேன். எழுதியவருக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும். வாங்கி ஒட்டியவர் கோப்பு கோப்பாகத் திறந்துகொண்டே இருப்பார். பார்க்கவே எனக்கு வருத்தமாக இருக்கும். படிக்கிற காலத்தில் முதலில் நீங்கள் எழுதுங்கள், மோசமாக இருந்தாலும் சரி. பிறகு அதனிடம் காட்டி, எங்கே தப்பு, ஏன் என்று கேளுங்கள்.

நான் தென்காசிக்காரன், அதிகம் படிக்காதவன். மகனை வேலைக்கு உத்தரவாதம் என்று சொன்ன ஒரு இடத்தில் கடன் வாங்கிச் சேர்த்தேன். இப்போது அவன் வீட்டில் ரூமைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னாலேயே இருக்கிறான். படிக்கிறானா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. என்ன கேட்பது?

ஐயா, உத்தரவாதம் என்று சொன்னதை எழுத்தில் கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். எத்தனை மாதத்துக்குள், என்ன சம்பளத்துக்கு, கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

மகனிடம் "வேலை எப்போது" என்று கேட்காதீர்கள். அதை அவன் தனக்குள் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வாரம் என்ன செய்தாய், எனக்குக் காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற தமிழில் சொல்லச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்லுங்கள், தயங்கவே வேண்டாம். உங்களுக்குச் சொல்லும்போது எங்கே தடுமாறுகிறானோ அங்கேதான் அவனுக்கும் இன்னும் தெளிவில்லை, அதை அவனே கண்டுபிடித்துவிடுவான். நான்கு வாரம் கழித்து, அவன் உங்களுக்குச் சொன்னதையே ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் படித்துப் பதில் போடுகிறேன்.