புரியாத படம் என்று ஒதுக்குவதற்கு முன்

கேள்வி: படம் சொல்லுங்கள் என்றால் யாரும் கேள்விப்படாத படங்களாகவே சொல்கிறீர்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு நிம்மதியாக உட்கார வருகிற ரசிகனுக்கு, காசில்லாமல் எடுத்த புரியாத அறிவியல் புனைகதையும், சாவைக் காட்டிச் சிரிக்க வைக்கிற படமும் எதற்கு? சினிமா தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத்தானே இவையெல்லாம்?
- ஒரு வாசகர்

பதில்: இல்லை. எடுத்தவர்கள் உங்களையும் நினைத்துத்தான் எடுத்தார்கள். உங்களிடம் கொண்டுவந்து சேர்த்தவர்கள்தான் சொதப்பிவிட்டார்கள்.

பெரிய நிறுவனங்களின் துணை இல்லாமல் எடுக்கும் சுயாதீன அறிவியல் புனைகதை என்றதுமே 'பிரைமர்' படத்தை எடுத்து நீட்டுகிற ஒருவர் எல்லா நட்பு வட்டத்திலும் இருப்பார். 2004-இல் வந்த படம். பொறியாளராக இருந்த ஷேன் கரூத் சுமார் 7,000 டாலரில் எழுதி, இயக்கி, தானே நடித்து, படத்தொகுப்பும் இசையும் செய்தார். அமெரிக்காவில் சுயாதீனப் படங்களுக்காக நடக்கும் சண்டான்ஸ் விழாவில் அந்த வருடத்தின் நடுவர் குழு பெரும் பரிசு அதற்குத்தான். அருமையான படம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் வரும் நண்பர்கள் இரண்டு பொறியாளர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்களோ அப்படியே பேசுகிறார்கள். பார்க்கிறவருக்காக எங்கேயும் நின்று விளக்குவதில்லை. காலப் பயணத்துக்குள் காலப் பயணம் என்று மடிய ஆரம்பித்ததும் பேப்பரும் பேனாவும் தேவைப்படும். முதல் படமாக அதைக் கொடுத்தால் யாராக இருந்தாலும் ஓடித்தான் போவார்கள். தன் ரசனையைக் காட்டுவதற்காகச் செய்யும் பரிந்துரை அது. கேட்டவருக்காகச் செய்வது வேறு.

நீங்கள் தொடங்க வேண்டியது 'பியாண்ட் த இன்ஃபினிட் டூ மினிட்ஸ்'. ஜுண்டா யமகுச்சி இயக்கி, 2020-இல் ஜப்பானில் வந்தது. சுமார் 70 நிமிடம்தான், முழுப் படமும் ஒரே ஷாட் போலத் தெரியும். காபிக் கடை நடத்தும் ஒருவர் மாடியில் இருக்கும் தன் அறைக்குப் போகிறார். அங்கே கணினித் திரையில் அவரே தெரிகிறார். "நான்தான் நீ, இரண்டு நிமிடம் கழித்து வரும் நீ" என்கிற மாதிரி அந்த முகம் பேசுகிறது. கீழே கடையில் இருக்கும் டிவிக்கும் மேலே இருக்கும் திரைக்கும் இடையே இரண்டு நிமிட வித்தியாசம். அவர் இறங்கி ஓடி, டிவி முன்னால் நின்று, சற்றுமுன் கேட்ட அதே வார்த்தைகளை இப்போது தானே சொல்கிறார். அப்புறம் நண்பர்கள் சேர்ந்து இரண்டு திரைகளையும் எதிரெதிரே வைக்கிறார்கள். திரைக்குள் திரை, அதற்குள் திரை என்று எதிர்காலம் நீள்கிறது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் திரையில் பார்த்ததை அப்படியே செய்து முடிக்கப் பதறிக்கொண்டு திரிகிறார்கள். எதிர்காலம் தெரிந்தவர்களுக்கு இருப்பது சுதந்திரமா, அடிமைத்தனமா என்கிற பெரிய கேள்வியை, ஒரு மாடிப்படியையும் இரண்டு திரைகளையும் வைத்துக்கொண்டு சிரிக்கச் சிரிக்கக் கேட்கிறது படம். இதில் எது புரியாது, சொல்லுங்கள்?

'காசில்லாமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறையாகச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2013-இல் வந்த 'கோஹெரன்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் ஜேம்ஸ் வார்ட் பர்கிட் தன் வீட்டிலேயே ஐந்து இரவுகளில் எடுத்தார். நடிகர்களுக்கு முழுத் திரைக்கதை கிடையாது. அன்றன்றைக்கு அவரவருக்கான குறிப்பு மட்டும் தருவார், அடுத்தவர் குறிப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரு வால்நட்சத்திரம் கடக்கும் இரவில் எட்டுப் பேர் விருந்துக்குக் கூடியிருக்கிறார்கள். மின்சாரம் போகிறது. தூரத்தில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. போய் ஜன்னல் வழியே பார்த்தால் உள்ளே இருப்பதும் இவர்கள்தான். அந்த முகங்களில் தெரியும் குழப்பத்தில் பாதி நிஜமான குழப்பம். எத்தனை கோடி செலவழித்து கிராஃபிக்ஸ் செய்தாலும் அதை வாங்க முடியாது. பணம் இல்லாதபோது இயக்குநரிடம் மிஞ்சுவது கதைக்கென்று ஒரு விதிமுறையும் சில மனிதர்களும்தான். அந்த விதிமுறையை எங்கேயும் தளர்த்தாமல் கடைசிவரை இழுத்துச் செல்கிறவரே இந்த வகையில் ஜெயிக்கிறார்.

கொஞ்சம் பெரிய அளவில் வேண்டும் என்றால் டங்கன் ஜோன்ஸின் 'மூன்' இருக்கிறது, 2009. நிலவில் ஓடும் வண்டிகளைச் சிறு மாதிரிகள் செய்து எடுத்தார்கள். மற்றதெல்லாம் சாம் ராக்வெல் என்கிற ஒரே நடிகரின் தோளில். கதையை யாரிடமும் கேட்டுவிடாமல் பாருங்கள்.

இனி, சாவைக் காட்டிச் சிரிக்க வைப்பது. இதில் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாலு பிணத்தை விழவைத்து, பின்னால் ஒரு துள்ளல் இசையைப் போட்டுவிட்டு அதற்கு டார்க் காமெடி என்று பெயர் வைக்கும் படங்கள் நிறைய. அவற்றை நானும் பரிந்துரைக்க மாட்டேன். 'இடுக்கண் வருங்கால் நகுக' என்று குறளைக் காட்டி இவற்றுக்குச் சப்பைக்கட்டு கட்டுவதும் தவறு. வள்ளுவர் சொன்னது தன் துன்பத்தின் எதிரே நின்று சிரிக்கும் துணிவு. அடுத்தவர் வலியில் சிரிப்பதற்கு அவர் அனுமதி தரவில்லை.

நல்ல படம் யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறது என்று கவனியுங்கள். யோர்கோஸ் லாந்திமோஸின் 'த லாப்ஸ்டர்' படத்தில் துணை இல்லாதவர்களை ஒரு ஹோட்டலில் கொண்டுபோய் விடுகிறார்கள். 45 நாளுக்குள் ஜோடி கிடைக்காவிட்டால் விலங்காக மாற்றிவிடுவார்கள். ஜோடி சேர இருவருக்கும் ஏதாவது ஒரு பொதுவான அடையாளம் இருக்க வேண்டும். அங்கே ஒருத்திக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். அவளோடு ஜோடி சேர்வதற்காக ஒருவன் தன் மூக்கைத் தானே இடித்து இடித்து ரத்தம் வரவைத்துக்கொள்கிறான். சிரிப்பு வரும். பொருத்தம் என்ற பேரில் நாம் சொல்லும் பொய்களும் கூடவே ஞாபகம் வரும். 2015-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு பெற்ற படம் அது.

கிறிஸ் மோரிஸின் 'ஃபோர் லயன்ஸ்' (2010) இன்னும் கடினமானது. குண்டு வைக்கக் கிளம்பும் இங்கிலாந்து இளைஞர்களின் கதை. அவர்களின் முட்டாள்தனத்துக்கு வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். கடைசிப் பகுதியில் வேடிக்கை உடைகளோடு மாரத்தான் கூட்டத்துக்குள் அவர்கள் நுழையும்போது அந்தச் சிரிப்பே தொண்டையில் அடைக்கும். உரத்த குரலில் கண்டிக்கும் படங்களைவிட இது எனக்கு அதிகம் வலித்தது.

களைப்போடு வருகிறேன் என்கிறீர்கள், சரி. களைத்த நாளில் 'ஃபோர் லயன்ஸ்' வேண்டாம், அந்த ஜப்பானியப் படம் போதும். டிரெய்லர் பார்க்காதீர்கள். ஃபோனைத் தள்ளி வையுங்கள், இந்தப் படங்களில் முதல் பத்து நிமிடத்தைத் தவறவிட்டால் மிச்சம் நிஜமாகவே புரியாது. சிறிய படம் எதுவாவது தியேட்டருக்கு வந்தால் முதல் வாரமே போய்விடுங்கள், இரண்டாவது வாரம் பெரும்பாலும் இருக்காது. பார்த்துவிட்டு எழுதுங்கள். பிடிக்காவிட்டாலும் எழுதுங்கள். எந்த இடத்தில் படம் உங்களைக் கைவிட்டது என்று தெரிந்தால், அடுத்து எதைச் சொல்லலாம் என்று எனக்குத் தெரியும்.