மகளுக்கு ஊசி, உங்களுக்குச் சோதனை

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமலிருக்க ஹெச்.பி.வி. ஊசி போடச் சொல்கிறார் குழந்தைகள் டாக்டர். "அதைப் போட்டால் பின்னால் பிள்ளை தங்காது" என்கிறார் மாமியார். கல்யாணம் நிச்சயமானதும் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கணவர். ஆந்திராவில் இந்த ஊசி போட்ட சிறுமிகள் இறந்ததாக வாட்ஸ்அப்பில் வேறு வந்தது. என்ன செய்வது டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: மாமியாரின் பயத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள். பேத்தி பிள்ளை பெற வேண்டும் என்பதுதானே அவர் கவலை! ஊசியில் இருப்பது இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. என்ற வைரஸின் மேலோட்டுப் புரதம் மட்டும். உள்ளே மரபணு கிடையாது. பதர் முளைக்காது அல்லவா, அதுபோல இதுவும் உடம்பில் பெருகாது. பிள்ளை பெறும் வாய்ப்பைப் பறிப்பது அந்தப் புற்றுநோய்தான். முற்றிவிட்டால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவரும், இல்லையென்றால் கதிர்வீச்சில் சினைப்பை செயலிழக்கும். இதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்.

அடுத்து உங்கள் கணவர். இந்த வைரஸ் பெரும்பாலும் உடலுறவு வழியாகத் தொற்றுகிறது. உள்ளே வந்துவிட்ட வைரஸை ஊசி விரட்டாது, வருமுன் தடுக்கத்தான் செய்யும். இங்கிலாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்தது. 16 முதல் 18 வயதில் போட்டவர்களிடம் 34 சதவீதம்தான். 2021-ல் வெளியான கணக்கு இது. ஊசி அதேதான், வயதுதான் வேறு. இங்கே வழக்கமாக 14 வயதுவரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, 15 ஆகிவிட்டால் மூன்று. செலவுக் கணக்குப் பார்ப்பவர் என்றால் இது ஒன்றே போதும். 14 வயதுச் சிறுமிகளுக்கு இலவசமாகப் போடுவதாகத் தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

ஆந்திரா விஷயம் பொய்யில்லை, பாதி உண்மை. அன்று ஆந்திராவில் இருந்த கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் ஊசித் திட்டத்தில் இருந்த ஏழு சிறுமிகள் இறந்தார்கள். நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து என்று காரணங்கள் வெளியே வந்தன; ஊசியோடு தொடர்பு இருப்பதாக விசாரணையில் தெரியவில்லை. ஆனால் பல இடங்களில் பெற்றோரைக் கேட்காமல் விடுதி வார்டன்களே சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தக் கோபம் முழுக்க நியாயம். 2010-ல் மத்திய அரசு இந்த ஊசி ஆய்வுகளையே நிறுத்தியது. அப்போது உங்கள் ஊருக்குப் பக்கத்து அம்பிளிக்கை மருத்துவமனையும் பங்கெடுத்த வேறொரு ஆய்வில், ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கும் நல்ல பாதுகாப்பு! ஒரு ஊசியும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஏற்றுக்கொண்டதில் இந்தப் பிள்ளைகளுக்கும் பங்குண்டு.

மகளைச் சாப்பிட வைத்து அழைத்துப் போங்கள். இந்த வயதில் ஊசியைப் பார்த்தே மயங்குகிறவர்கள் உண்டு. நான் போட்டு முடித்ததும் கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துத்தான் அனுப்புவேன். கை இரண்டு நாள் வலிக்கலாம்.

கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லையே! இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமான 16, 18 என்ற இரண்டு வைரஸ் வகைகளைத்தான் ஊசி முக்கியமாகத் தடுக்கிறது. ஆகவே 30 வயதுக்கு மேல் மகளுக்கும் பரிசோதனை வேண்டும். உங்களுக்கு இப்போதே வேண்டும். உங்கள் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வுக்காகப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் வினிகரில் உள்ள அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். அந்தச் சோதனையால் இந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் முடிவு வந்தது. சில நிமிட வேலை, அரசு மருத்துவமனையில் இலவசம்.

மாமியாரிடமும் ஒன்று கேளுங்கள்: மாதவிலக்கு நின்ற பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா? ஆம் என்றால், முகாம் வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே மகளிர் நல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.