பையன் கிசுகிசுத்தே பேசுகிறான்

அன்புள்ள மேடம்,

குன்றத்தூரில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் வாரம் வந்தாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து படுப்பார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பதினோரு மணிக்கே அனலடிக்கும். புரண்டுகொண்டே கிடப்பார். பையன் இரண்டாம் வகுப்பு. ஸ்கூல் விட்டு வந்து டம்ளரைக் கீழே போட்டால்கூட அடி விழுகிறது. இப்போது எங்கம்மா வீட்டுக்குப் போனாலும் கிசுகிசுத்தே பேசுகிறான். இவர் குடிப்பதில்லை, முன்பு இப்படியும் இல்லை. நான் தி.நகரில் துணிக்கடையில் நிற்கிறேன், வீடு வர இரவு பத்தாகிவிடும். என்ன செய்வது?

– ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

அவர் குணமே மாறிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பகல் தூக்கம் ஆழமாக வராது, சீக்கிரம் கலைந்துவிடும். இரவு வேலைக்கு உடம்பு பழகப் பல நாள் பிடிக்கும். அதற்குள் உங்கள் வீட்டில் ஷிஃப்டே மாறிவிடுகிறது. தூக்கம் கெட்டால் முதலில் போவது பொறுமைதான்.

அதற்காக அடியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அது நிற்கத்தான் வேண்டும். பகல் ஷிஃப்ட் வாரத்தில், அவர் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது, பையன் பாட்டி வீட்டிலும் கிசுகிசுப்பதை மட்டும் சொல்லுங்கள். அவர் கவனித்திருக்க மாட்டார். அடித்ததைப் பற்றி அப்புறம் அவரே பேச வாய்ப்பிருக்கிறது.

நைட் ஷிஃப்ட் வாரங்களில் பையன் ஸ்கூல் விட்டதும் ஐந்து மணி வரை பக்கத்து வீட்டில் இருக்க முடியுமா பாருங்கள். விட்ட தூக்கத்தை அவர் அந்த நேரத்தில் பிடிக்கலாம். ஜன்னலுக்குக் கெட்டித் துணி, கூரைமேல் நனைத்த சாக்கு. சின்ன விஷயம்தான், செய்து பாருங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தால் டாக்டரிடமும் தூக்கத்தைப் பற்றிச் சொல்லட்டும். மனசு ரொம்பப் பாரமானால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். அவர் ஓவர்டைமும் பார்க்கிறார் என்றால், அதற்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம். அது வருகிறதா என்றும் கேளுங்கள். வராத காசுக்காகத் தூக்கத்தைத் தொலைக்கிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. உங்களைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதிலும் 'வேலை செய்கிறேன்' என்று இல்லை, 'நிற்கிறேன்' என்று. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறதா? இருந்தால், உட்கார விடுகிறார்களா? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.