மைக்ரோஎமல்ஷன் படித்தால் வேலை கிடைக்குமா?

ஐயா, வணக்கம்.

பி.எஸ்ஸி. வேதியியல் இறுதியாண்டில் இருக்கும் மகள் மைக்ரோஎமல்ஷனில் புராஜெக்ட் செய்யப் பிடிவாதமாக இருக்கிறாள், ஆனால் அந்தப் பெயரில் ஒரு வேலை விளம்பரமும் கண்ணில் படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான கவலைதான். விளம்பரத்தில் 'ஃபார்முலேஷன் கெமிஸ்ட்' என்று வரும், அதாவது பல பொருள்களைச் சேர்த்துப் பயன்படுத்தத்தக்க கலவையாக உருவாக்கும் வேதியியலாளர். பூச்சிமருந்து, அழகுசாதனம், சலவைத் திரவம், பெயின்ட் என எல்லாவற்றிலும் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

அவள் எதைப் படிக்கப் போகிறாள் என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். எமல்ஷன் என்பது எண்ணெயும் தண்ணீரும் ஒன்றுக்குள் ஒன்று துளிகளாகக் கலந்திருப்பது. சாதாரண எமல்ஷனில் துளிகள் பெரியவை. ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரியும், நாளடைவில் பிரிந்தும்விடும். மைக்ரோஎமல்ஷனில் துளியின் அளவு சுமார் 10 முதல் 100 நானோமீட்டர். நாம் காணும் ஒளியின் அலைநீளம் 400க்கு மேல் என்பதால் இது தெளிவாகவே இருக்கும். துளியைச் சுற்றி சர்ஃபேக்டன்ட் (சோப்பைப் போல எண்ணெயையும் தண்ணீரையும் இணைக்கும் பொருள்) ஒரு படலமாக நிற்க, பென்டனால் போன்ற ஆல்கஹால் அதன் இடையில் புகுந்து படலத்தை நெகிழ வைக்கிறது. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையிலான இழுவிசை ஏறக்குறைய இல்லாமலே போகிறது. அதனால் லேசாகக் கலக்கினாலே தானாக உருவாகும். அதற்குரிய வெப்பநிலையிலும் விகிதத்திலும் பிரியாது. இரண்டும் கிட்டத்தட்ட சம அளவில் இருந்தால் துளியே இருக்காது, பஞ்சுக்குள் ஓடும் வழிகள் போல எண்ணெயும் தண்ணீரும் பின்னிக்கிடக்கும். ஹோரும் ஷுல்மனும் இதை 1943இல் விவரித்தார்கள். 'மைக்ரோஎமல்ஷன்' என்ற பெயர் 1959இல்தான் வந்தது.

பயன் என்ன என்று கேட்டால் நான் முதலில் சொல்வது சைக்ளோஸ்போரின். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின், உடல் புது உறுப்பை நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் மருந்து. தண்ணீரில் கரையாது. பழைய வடிவத்தில் அது உடலில் சேர்வது பித்தநீரைப் பொறுத்திருந்ததால் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறியது. குடலுக்குள் போனதும் மைக்ரோஎமல்ஷனாக மாறும் நியோரல் என்ற புது வடிவம் 1990களில் வந்தபின் அந்த ஏற்ற இறக்கம் குறைந்தது. ஓர் உயிரைக் காக்கும் அளவு சரியாகப் போய்ச் சேருவது மூலக்கூறை மட்டும் பொறுத்ததல்ல, அதைக் கரைத்துக் கொடுக்கும் விதத்தையும் பொறுத்தது. உங்கள் மகளுக்கு இதில் ஈர்ப்பு வந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

பூச்சிமருந்து டப்பாவில் 'எம்.ஈ.' என்று இருந்தால் அதுவும் இதுதான். 'ஈ.சி.' எனப்படும், தண்ணீரில் ஊற்றினால் எமல்ஷனாகும் வகையில் கரைப்பான் அதிகம், எம்.ஈ. வகையில் தண்ணீர் பெரும்பங்கு வகிப்பதால் தீப்பிடிக்கும் ஆபத்து குறைவு. ஆனால் சர்ஃபேக்டன்ட் நிறையத் தேவை, அதனால் செலவும் கூடும். நேர்முகத் தேர்வில் இந்தக் குறையையும் சொல்லத் தெரிந்தவளைத்தான் எடுப்பார்கள். நானோஎமல்ஷனோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது: அதை உருவாக்கப் பெரும்பாலும் வெளியிலிருந்து ஆற்றல் கொடுக்க வேண்டும், காலப்போக்கில் அது பிரியும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மருந்து நிறுவனங்களின் ஃபார்முலேஷன் பிரிவில் பெரும்பாலும் எம்.ஃபார்ம் கேட்கிறார்கள், பி.ஃபார்ம் இல்லாமல் அதில் சேர முடியாது. ஆகவே அவள் பூச்சிமருந்து, அழகுசாதனம், சலவைப் பொருள், பெயின்ட் பக்கம் குறி வைக்கட்டும். குருகிராமில் பூச்சிமருந்து ஃபார்முலேஷனுக்கென்றே ஐ.பி.எஃப்.டி. என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. மும்பையில் ஐ.சி.டி. என்ற வேதித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் சர்ஃபேக்டன்ட் துறையே உண்டு. எம்.எஸ்ஸி.யில் இயற்பிய வேதியியலை ஆழமாகப் படிக்கட்டும். ஆசிரியர் வேலைக்குப் போக நினைத்தாலும் பி.எட். எம்.எஸ்ஸி.க்குப் பிறகு படிக்கலாம், கதவு மூடிவிடாது.

புராஜெக்டுக்குப் பெரிய கருவி தேவையில்லை. எண்ணெயையும் சர்ஃபேக்டன்ட் கலவையையும் வெவ்வேறு விகிதத்தில் சேர்த்து, பியூரெட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, எங்கே தெளிகிறது, எங்கே கலங்குகிறது என்று முக்கோண வரைபடத்தில் குறிக்க வேண்டும். மின்கடத்துதிறன் மீட்டர் இருந்தால் துளிகளுக்கு வெளியே இருப்பது எண்ணெயா தண்ணீரா என்பதும் தெரியும். இது கல்லூரி ஆய்வகத்திலேயே முடியும். கலங்கிப்போன கலவைகளையும் விடாமல் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையில் கொண்டுபோகலாம்.

அப்புறம், ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர ஜாம் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். புராஜெக்ட் வேலையும் அதே சமயத்தில்தான் வரும் என்பதால், ஆய்வக வேலையை டிசம்பருக்குள் முடிக்க வழிகாட்டிப் பேராசிரியரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.