14 வயதுக்கும் 27 வயதுக்கும் நடுவில்

வணக்கம் ஐயா.

சினிமா எடுக்கப்போகிறேன், படிப்பை விடுகிறேன் என்று நிற்கும் தம்பியைச் சனிக்கிழமை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தபோது, பாதிப் பேச்சிலேயே எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. பி.இ. இரண்டாம் ஆண்டு, மூன்று அரியர், இந்த நிலையில் "த்ரூஃபோ 14 வயசுலயே ஸ்கூல விட்டவரு சார்" என்று பையன் சாவகாசமாகச் சொன்னால் எந்த அப்பாவுக்கும் சுர்ரென்று ஏறும். நீங்கள் வெளியே போனபின் ஒரு மணி நேரம் அந்த த்ரூஃபோவைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தோம். பேசியதை உங்களுக்கும் எழுதிவிடுகிறேன். இனி உங்கள் வீட்டில் அந்தப் பெயர் அடிக்கடி அடிபடும். ஆள் யாரென்று நீங்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தம்பி சொன்னதில் பொய் இல்லை. பிரான்சுவா த்ரூஃபோ பிரெஞ்சு சினிமா இயக்குநர், 1932-ல் பாரிஸில் பிறந்தவர். 14 வயதில் படிப்பை நிறுத்தினார். 1959-ல், 27 வயதில், முதல் முழுநீளப் படத்துக்கே பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கினார். பிற்பாடு அவர் எடுத்த ஒரு படத்துக்கு ஆஸ்கரும் கிடைத்தது. இந்த ஆரம்பமும் முடிவும் தம்பிக்கு மனப்பாடம். நடுவில் உள்ள 13 வருஷத்தைக் கேட்டேன், முழித்தான். அவன் பார்க்கிற வீடியோக்காரர்கள் அதை அரை நிமிஷத்தில் தாண்டிவிடுகிறார்கள்.

அந்த 13 வருஷம் எப்படிப் போனது என்று பாருங்கள். பெற்ற அப்பா யாரென்று தெரியாது. அம்மாவைக் கட்டிக்கொண்டவர் தன் பெயரைக் கொடுத்தார். சின்ன வயசில் வளர்த்தது பாட்டி. பாட்டி போனபின் பெற்றோருடைய சின்ன ஃபிளாட்டுக்கு வந்தார், அங்கே ஒட்டவில்லை. 16 வயதில் சொந்தமாக ஒரு ஃபிலிம் கிளப் தொடங்கிக் கடனில் மாட்டிக்கொண்டார். பெயர் கொடுத்த அப்பாவே அவரைப் போலீஸில் ஒப்படைத்தார். அங்கிருந்து வில்ஜுயிஃப் என்ற இடத்தில் இருந்த சிறார் இல்லம். இதைச் சொன்னபோது தம்பி வராந்தா பக்கம் திரும்பிப் பார்த்தான். நீங்கள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தீர்கள்.

வெளியே வர உதவியவர் ஆந்த்ரே பஸான் என்ற சினிமா விமர்சகர். வாத்தியார் வேலைக்குப் படித்து, திக்குவாயால் அந்த வேலை கிடைக்காமல் போனவர். அவர்தான் இந்தப் பையனுக்கு வேலை போட்டுக் கொடுத்தார். பையன் அதோடு அடங்கவில்லை. பட்டாளத்தில் சேர்ந்தார், இந்தோசீனப் போருக்கு அனுப்பப்போகிறார்கள் என்றதும் ஓடினார், ராணுவச் சிறைக்குப் போனார். மறுபடியும் பஸான்தான் அலைந்து மீட்டு, தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். த்ரூஃபோவின் முதல் முழுநீளப் படம் 1958 நவம்பர் 10-ல் படப்பிடிப்பு தொடங்கியது. மறுநாளே பஸான் இறந்துபோனார், வயது 40. படத்தை அவருக்குத்தான் காணிக்கையாக்கியிருக்கிறார். பள்ளிக்கூடம் போகாதவர் என்கிறார்களே, பஸான் வீட்டில் அவர் படித்தது எந்தக் கல்லூரிக்குக் குறைச்சல்? அப்படி ஒருவர் உனக்கு இருக்கிறாரா என்று தம்பியிடம் கேட்டேன். இன்ஸ்டாகிராமில் பின்தொடரும் ஓர் உதவி இயக்குநரின் பெயரைச் சொன்னான். நேரில் பார்த்ததில்லையாம்.

இன்னொன்று, உழைப்பு. சின்ன வயசிலேயே தனக்குப் பிடித்த இயக்குநர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு ஃபைல் போட்டு, பத்திரிகையில் வந்ததையெல்லாம் வெட்டி அதில் சேர்த்துவைப்பார். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். 1953-லிருந்து 'காயே து சினிமா' இதழில் எழுதத் தொடங்கினார். அதோடு 'ஆர்' என்ற வாரப் பத்திரிகையிலும். மொத்தம் நூற்றுக்கணக்கான கட்டுரைகள். 1954 ஜனவரியில் எழுதிய ஒரு கட்டுரையில் அன்றைய பிரெஞ்சு சினிமாவின் பெரிய தலைகளைக் கிழிகிழியென்று கிழித்தார். இப்படிப் பேனாவால் சம்பாதித்த பகை கொஞ்சமல்ல. 1958-ல் கான் விழாவுக்கு அவருக்கு அனுமதி அட்டையே தரவில்லை. அடுத்த வருஷம் அதே ஊரில் விருது வாங்கினார். தம்பி இதைக் கேட்டுக் கைதட்டாத குறைதான். நான் அவனுக்குச் சொன்னது வேறு. ரொஸ்ஸெலினி என்ற இத்தாலிய இயக்குநரிடம் சுமார் இரண்டு வருஷம் உதவியாளராக இருந்தாரே, அந்தக் காலத்தில் இருவரும் போட்ட திட்டம் ஒன்றுகூடப் படமாகவில்லை. கைதட்டுவதானால் அதற்கும் சேர்த்துத் தட்டு என்றேன்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. 1957-ல் அவர் கல்யாணம் செய்த பெண்ணின் அப்பா, கோசினோர் என்ற பட விநியோகக் கம்பெனியை நடத்தியவர். முதல் படத்துக்குக் கைகொடுத்தவர் அந்த மாமனார். வாய்த்துடுக்கான மருமகனின் படத்தில் பணம் போட அவருக்கும் தனி மனசு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அந்த வாய்ப்பைக் கழித்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்.

அதே காலத்து மற்ற பிரெஞ்சு இயக்குநர்கள் இந்த வழியில் வரவில்லை. லூயி மால் பாரிஸ் திரைப்படக் கல்லூரியில் படித்தவர். எரிக் ரோமர் இலக்கிய வாத்தியாராக இருந்தவர், பெயர் கிடைக்கும்போது ஐம்பதை நெருங்கியிருந்தார். ஆன்யெஸ் வார்தா ஒரு நாடகக் குழுவுக்குப் புகைப்படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டே முதல் படத்தை எடுத்தார். தம்பி இவர்களில் யாரையும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். படிப்பை விட்டவர் ஒருவர்தான் அவனுக்கு இப்போது தோதாக இருக்கிறார்.

இனி உங்கள் பையன். கடைசியாகப் பார்த்த படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லி நோட்டைக் கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் அரைப் பக்கம்தான் வந்தது. பாதி, எங்கோ கேட்ட விமர்சனத்தின் வாடை. ஆனால் நடுவில் ஒரு வரி: "அந்த சீன்ல அம்மா பேசறத நிறுத்துனப்புறம்தான் மிக்ஸி ஓடிட்டு இருந்ததே காதுல விழுது." இது அவன் சொந்தக் காதில் விழுந்தது. அதனால் ஆசையை வெறும் மயக்கம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். கண்ணும் காதும் இருக்கின்றன, பழக்கம் இல்லை.

கல்லூரியை விட வேண்டாம் என்றுதான் அவனிடமும் சொன்னேன். காரணம் எளிது. புனே திரைப்படக் கல்லூரியில் இயக்கம் படிக்க ஏதாவது ஒரு பட்டம் கேட்கிறார்கள்; பி.இ. அதற்குப் போதும். இரண்டு வருஷத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு அதே பட்டத்துக்கு அலைவானேன்? நவம்பர் தேர்வில் இரண்டு அரியராவது போகட்டும். வாரம் ஒரு படம், ஒரு பக்கம், கையால். உங்கள் ஊரில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற கடை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போய் உட்காரட்டும். சம்பளம் கேட்க வேண்டாம். ஆறு மாதம் இதைச் செய்தானானால், படிப்பு முடிந்ததும் நானே அவனோடு உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புகிறேன். செய்யவில்லை என்றால் அப்போது வேறு பேசலாம்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த முதல் படத்தின் பெயர் தமிழில் சொன்னால் 'நானூறு அடிகள்'. அட்டகாசம் பண்ணுவதற்கு பிரெஞ்சில் உள்ள வழக்கு அது. அடிதடிப் படம் என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்பு வெள்ளை, ஒன்றே முக்கால் மணி நேரம்கூட ஓடாது. தம்பியோடு சேர்ந்து பாருங்கள். கதையில் வரும் பையன் பால்சாக் என்ற எழுத்தாளரின் உருவப்படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வைக்க, திரைச்சீலை பற்றிக்கொள்ளும். அப்பா கத்துவார். அம்மா சட்டென்று, வாங்க சினிமாவுக்குப் போகலாம் என்பாள். மூன்று பேரும் படம் பார்த்துவிட்டுக் காரில் சிரித்துக்கொண்டே வருவார்கள். அந்த இடம் வரும்போது எழுந்து போய்விடாதீர்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை பத்தரை மணிக்கு வாருங்கள். நோட்டைத் தம்பி கொண்டுவரட்டும், அரியர் தேர்வுக்குப் பணம் கட்டிய ரசீதை நீங்கள் கொண்டுவாருங்கள்.