ராப்போஜனம் பஸ்கா பந்திதானா?

கேள்வி: சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். மாற்கு சுவிசேஷத்தில் இயேசு பஸ்காவை, அதாவது யூதப் பண்டிகையின் ஆட்டுக்குட்டி விருந்தைச் சாப்பிட்டபின் பிடிபடுகிறார். யோவானிலோ, மறுநாள் காலையில்கூட யூதர்கள் இன்னும் பஸ்கா சாப்பிடவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் எது சரி என்று கேட்கிறான். 'மறைக்கப்பட்ட நாட்காட்டி' என்று 600 ரூபாய்க்கு ஒரு சார்ட் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ராப்போஜனத்தை, அதாவது இயேசுவின் கடைசி இரவுப் பந்தியை, செவ்வாய் இரவுக்குத் தள்ளியிருப்பார்கள். யாரும் மறைத்த விஷயமல்ல இது. 1957-இல் ஆனி ஜோபேர் என்ற பிரெஞ்சு அம்மையார் புத்தகமாகவே போட்டார். சாக்கடல் ஓரத்தில் வாழ்ந்த யூதப் பிரிவினரான கும்ரான் குழுவினரின் ஆண்டுக்கு 364 நாள், சரியாக 52 வாரம். அதனால் பஸ்கா ஒவ்வோர் ஆண்டும் செவ்வாய் மாலையில்தான் வரும். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் எருசலேம் ஆலயத்தில் ஆடு அறுத்தவர்கள் அந்த நாட்காட்டியைப் பார்த்து அறுக்கவில்லையே! இதே ஆட்கள் பெரிய வியாழனுக்கு 'இயேசு சாப்பிட்ட அதே பஸ்கா' என்று தட்டு செட்டும் விற்பார்கள். இன்றைய யூதர்களின் பஸ்கா மேசை முறை, கி.பி. 70-இல் ஆலயம் இடிந்தபின் ரபீக்கள் என்ற யூத மத ஆசிரியர்கள் வகுத்த வடிவம்.

பையனுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்: சிக்கல் கிழமையில் இல்லை, தேதியில். வெள்ளிக்கிழமை மரணம், மறுநாள் ஓய்வுநாள் என்பதில் நான்கு சுவிசேஷங்களும் ஒன்றுதான். யூதர்களுக்கு நாள் பொழுதுசாயும்போதே தொடங்கிவிடும். ஆகவே வியாழன் இரவுப் பந்தியும் வெள்ளி மாலை மரணமும் ஒரே நாள். மாற்குவின் போக்கில் அது யூத மாதமான நிசான் 15, அதாவது அறுத்த ஆட்டைச் சாப்பிடும் நாள்; யோவானின் போக்கில் நிசான் 14, அதாவது ஆடு அறுக்கும் நாள்.

யோவான் 19:14-இல் 'பஸ்காவுக்கு ஆயத்தநாள்' என்று வருகிறதே என்பார்கள். ஆயத்தநாளுக்குக் கிரேக்க மூலத்தில் உள்ள 'பரஸ்கெவி' என்ற சொல்தான் கிரேக்க நாட்டுக் காலண்டரில் இன்றும் வெள்ளிக்கிழமைக்குப் பெயர். பஸ்கா வாரத்து வெள்ளி என்று வாசிக்க இடமிருக்கிறது.

யோவான் 18:28 அப்படி இளகாது. 'பஸ்காவைப் புசிக்க' வேண்டியிருந்ததால் தீட்டுப்படாதபடி, இயேசுவைக் கொண்டுவந்த யூதர்கள் ரோம தேசாதிபதி பிலாத்துவின் அரமனைக்குள் போகவில்லை. இங்கே ஒரு சாமர்த்தியமான பதில் உலவுகிறது: காலையில் பட்ட தீட்டு குளித்தால் மாலையில் போய்விடும், இராத்திரிப் பந்திக்குத் தடையில்லை, எனவே அவர்கள் நினைத்தது பகலில் சாப்பிடும் வேறொரு பண்டிகைப் பலியை என்று. சாதாரணத் தீட்டென்றால் சரி. பிணத் தீட்டுக்கு எண்ணாகமம் 19 ஏழு நாள் விதிக்கிறது, புறஜாதியார் வீடுகளில் அந்தத் தீட்டு இருக்கலாம் என்ற சந்தேகம் ரபீக்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே இருக்கிறது. அப்படியானால் மாலைக் குளியல் போதாது, வாதமும் நிற்காது. பண்டிகைப் பலியைக் குறித்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முப்பது வருஷம் கிரேக்கம் நடத்தியவனாகச் சொல்கிறேன்: அந்த வரியை இயல்பாகப் படித்தால் ஆட்டுக்குட்டிதான் தெரிகிறது. ஆடுகள் அறுபடும் பொழுதில் இயேசு மரிப்பதாகக் காட்டவே யோவான் விரும்புகிறார் என்பது என் கருத்து.

இதையெல்லாம் இறையியல் கல்லூரியில் தேர்வுக்கு எழுதி வாங்குகிறார்கள். பட்டம் வாங்கியவர் பிரசங்க மேடை ஏறியதும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. விசுவாசிகள் குழம்பிவிடுவார்களாம்! பாடப்புத்தகக் கமிட்டிக்கும் அதே பயம். அப்புறம் சார்ட் விற்பவன் வராமல் என்ன செய்வான்?

சார்ட்தான் வேண்டுமென்றால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். வியாழன் பொழுதுசாயும் இடத்தில் ஒரு கோடு, வெள்ளி பொழுதுசாயும் இடத்தில் இன்னொன்று. நடுவே பந்தி, கெத்செமனே, விசாரணை, சிலுவை. மேலே பென்சிலால் '14-ஆ, 15-ஆ?' என்று எழுதி, 18:28-ஐப் பையனையே வாசிக்கச் சொல்லுங்கள்.