மலைமேல் நிற்கும் அசல் கோட்டை: மார்க்ஸ்புர்க்

கேள்வி: ஜெர்மனியில் உண்மையான இடைக்காலக் கோட்டை ஒன்றைப் பார்க்க வேண்டும். நோய்ஷ்வான்ஸ்டைன் போனால் போதுமா?

போதாது. அழகான இடம்தான், ஆனால் அதைக் கட்ட ஆரம்பித்ததே 1869-இல். பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக்கின் கனவு மாளிகை அது. நம் ஊரில் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு எழுந்த 'இடைக்காலம்'. ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், நான் மார்க்ஸ்புர்க் பக்கம் கை காட்டுவேன்.

மேற்கு ஜெர்மனியில் கோப்லென்ஸ் நகருக்குத் தெற்கே, ரைன் நதியின் வலது கரையில் பிரவ்பாக் என்று ஒரு சிற்றூர். அதன் தலைக்கு மேலே, மலை உச்சியில் கோட்டை. இந்தப் பள்ளத்தாக்கில் மலைக்கு ஒரு கோட்டை என்று சொல்லிவிடலாம். ஆற்றில் போகும் படகுகளிடம் சுங்கம் வாங்கியே பிரபுக்கள் கொழுத்தார்கள். ஆனால் 1689-ஐ ஒட்டிய போரில் பிரெஞ்சுப் படை பலவற்றைத் தகர்த்துவிட்டது. சில கிலோமீட்டர் வடக்கே, எதிர்க்கரையில் இருக்கும் ஷ்டோல்சன்ஃபெல்ஸ் கோட்டையும் அப்படி இடிந்ததுதான். இன்று பார்ப்பது 19-ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய அரச குடும்பம் தன் ரசனைக்கு எழுப்பிக்கொண்டது. மத்திய ரைனில் மலைமேல் இருந்தும் அழிக்கப்படாத ஒரே இடைக்காலக் கோட்டை மார்க்ஸ்புர்க்.

1231-லேயே ஆவணத்தில் பெயர் வருகிறது. அப்போது எப்ஸ்டைன் குடும்பத்தின் கையில் இருந்தது. 1283-இல் காட்சனெல்ன்போகன் பிரபுக்கள் வாங்கினார்கள். இன்றைய தோற்றத்தில் பெரும்பகுதி அவர்கள் காலத்தது. 1479-இல் ஆண் வாரிசு இல்லாமல் அந்த வம்சம் முடிய, கோட்டை ஹெஸ்ஸே ஆட்சியாளர்களிடம் போனது. பீரங்கிக் காலம் வந்துவிட்டதால், ஆற்றைப் பார்த்தபடி பீரங்கி மேடைகள் கட்டினார்கள். அவற்றில் இன்றும் பீரங்கிகள் நிற்கின்றன.

அப்புறம் வந்தது பெருமை இல்லாத காலம். 1803-க்குப் பிறகு, அப்போது இந்தப் பகுதியை ஆண்ட நாசவ் என்ற சிறிய ஜெர்மானிய அரசு இதைச் சிறையாகவும் ஊனமுற்ற படைவீரர்களின் இல்லமாகவும் வைத்திருந்தது. என்னைக் கேட்டால் கோட்டை பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆள் குடியிருக்கும் கட்டடத்துக்குத்தானே கூரை மாற்றுவார்கள்? பணக்காரர் யார் கண்ணிலும் பட்டு 'அழகுபடுத்தப்படவும்' இல்லை. 1900-இல் ஜெர்மானியக் கோட்டைகள் சங்கம் வெறும் 1000 மார்க்குக்கு (அன்றைய ஜெர்மானிய நாணயம்) வாங்கியது. கட்டடக் கலைஞர் போடோ எப்ஹார்ட் பழுதுபார்த்தார். 1945 மார்ச்சில் எதிர்க்கரையிலிருந்து வந்த அமெரிக்கக் குண்டுகளால் சேதம், அதையும் சரிசெய்துவிட்டார்கள். சங்கத்தின் தலைமையகம் இன்றும் இங்கேதான்.

உள்ளே தங்கமுலாம், தொங்குவிளக்கு எதையும் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது நுழைவாயிலைத் தாண்டியதும் வரும் குதிரைப் படிகள். குதிரையில் வருபவர்கள் ஏறுவதற்காகப் பாறையையே செதுக்கிய அகலமான, கோணல்மாணலான படிகள். சமையலறையில் ஆள் நிற்கும் அளவுக்குப் பெரிய அடுப்பு. கூடத்தை ஒட்டி, சுவருக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கழிப்பறை (கீழே குழாயெல்லாம் கிடையாது, நேராக வெளியேதான்).

வழிகாட்டியுடன்தான் உள்ளே விடுவார்கள். ஆங்கிலத்தில் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கோப்லென்ஸிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரப் பயணம், பிறகு மலையேற்றம். நல்ல பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ அவசியம். மழை பெய்தால் அந்தக் குதிரைப் படிகள் வழுக்கும்.